ரங்கூன் சோற்றுக்கடையில் பன்னிரண்டு முதல் இரண்டு வரை

ரங்கூனில் சாப்பாடு சரியில்லை என்று எங்களை அழைத்துப்போன டூர்க்காரர் திருச்சியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறாராம். அவர் சொல்வதில் பாதி பொய், மீதி அரைகுறை. அங்கே நான்கு நாள் இருந்து சாப்பிட்டவள் நான். பாலக்கரையில் பத்தொன்பது வருடமாக மெஸ் நடத்துகிறவள். சோறு சரியா இல்லையா என்று சொல்ல எனக்கு இன்னொருவர் வாய் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம்.

2003 டிசம்பர் 10, புதன்கிழமை. கொல்கத்தாவில் ஏறி, உள்ளூர் நேரம் பகல் பன்னிரண்டே காலுக்கு மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கினோம். நம் கடிகாரத்தைவிட அவர்களுடையது ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டூர் நடத்தும் குமரேசனையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கோயில் குளம் பார்க்க வந்தவர்கள். நான் கோயில் பார்க்க வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகப் பத்து நாள் அடுப்புப் பக்கம் போகாமல் இருக்கலாம் என்று வந்தேன்.

நம் யாத்திரைக் கோஷ்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சீமைக்குப் போனாலும் சமையல்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு போவோம். அவரோடு அரிசி மூட்டை, பருப்பு, ஊறுகாய் எல்லாம் வரும். உலகத்தைச் சுற்றிவிட்டு அதே வத்தக்குழம்பைத் தின்று திரும்புவோம். எங்கள் சமையல்காரர் கொல்கத்தாவில் காய்ச்சலில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டார். 'மூன்று வேளையும் தென்னிந்திய உணவு' என்று நோட்டீசில் அச்சடித்திருந்த குமரேசனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் அவரைவிட்டு என்னைப் பார்த்தார்கள். விடுமுறைக்கு வந்தவள் கையில் கரண்டியைக் கொடுத்தால் அந்தக் கரண்டியாலேயே அடிப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். பாதி நிஜமாகத்தான் சொன்னேன்.

வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முந்துகிறபோதெல்லாம் எதிரே வருவது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இது என்ன கூத்து என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருநாள் எல்லோரையும் பக்கம் மாறச் சொன்னார்கள், மாறினோம், கார்கள் மட்டும் மாறவில்லை என்றார். ஊருக்குள் பதினைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் மரமும் நிழலும். ஆண்கள் எல்லோரும் கைலிதான், அலுவலகம் போகிறவர்கள்கூட. பெண்கள் கன்னத்தில் மரப்பட்டையை அரைத்த மஞ்சள் சந்தனம். சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டதும் ஓட்டுநர் யோசிக்கவே இல்லை. ஓட்டலில் பெட்டிகளை இறக்கிவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதிக்கு எங்களை ஓட்டிப்போனார்.

இரண்டரை மணி இருக்கும். மடக்கு இரும்புக் கதவு போட்ட ஒரு தரைத்தளக் கடை. நீளமான நான்கு மேசை, இரண்டு பக்கமும் பலகை. நெருக்கினால் முப்பத்திரண்டு பேர் உட்காரலாம். ஒவ்வொரு மேசையிலும் பச்சைத் தேநீர் நிரம்பிய பிளாஸ்க், அதற்குக் காசு கிடையாது. மதியக் கூட்டம் கலைந்து கடை காலியாக இருந்தது. உள்ளிருந்து ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கள் புடவைகளைப் பார்த்ததும் தமிழில் வாங்க என்றாள். பெயர் முத்துலட்சுமி. பர்மியப் பெயர் கின் வே. அந்த ஊர்த் தமிழர்களுக்கு வீட்டுக்கு ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு பெயர் சகஜம். கடைக்கு வருகிறவர்கள் மரியாதையாக 'டோ கின் வே' என்கிறார்கள். பரிமாறுவது அவள் கணவர், பெயர் 'கோ தான்'. பச்சைப் பர்மாக்காரர், ஒரு வாக்கியம் தமிழ் பேச வராது. ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு "சாம்பார்? ரசம்? மோர்?" என்று கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டால் மாயவரம்.

தட்டில் வாழையிலைத் துண்டு போட்டுச் சோறு. அறுநூறு சாட் (அங்கே பணத்துக்கு அதுதான் பெயர், டாலருக்கு எண்ணூற்றைம்பது கிடைத்தது). மீன் வேண்டுமென்றால் எண்ணூறு. சோறும் பருப்பும் கேட்கக் கேட்க. சாம்பார் நம்முடையதைவிட நீர்த்திருந்தது, முள்ளங்கி அதிகம், பெருங்காயம் குறைவு. ரசத்தில் மிளகு நன்றாகவே இடித்துப் போட்டிருந்தாள். புளிச்சக்கீரையைப் பச்சை மிளகாயும் பூண்டும் போட்டு வதக்கியிருந்தாள் பாருங்கள், அதை நான் இருபது வருடம் முயன்றாலும் அந்தப் பதத்துக்குக் கொண்டுவர முடியாது. நடுவில் ஒரு கிண்ணத்தில் 'ஙாப்பி' என்கிற மீன் விழுது, தொட்டுக்கொள்ளப் பச்சைக் காய்கள். சைவக்காரர்கள் முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளினார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

நம் ஆட்கள் எங்கே போனாலும் வாடிக்கையாளர்கள்தான். ஒருவர் அப்பளம் ஏன் சின்னது என்றார். இன்னொருவர் தயிர் ஏன் கட்டியாக இல்லை என்றார். முத்துலட்சுமி எல்லாவற்றுக்கும் "யபாடே" என்றாள். பரவாயில்லை, ஆகட்டும், விடு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்கிற பர்மியச் சொல் அது. சொல்லிவிட்டு அதே அப்பளத்தைத்தான் வைத்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. நானானால் மறுநாள் பெரிய அப்பளம் வாங்கிவைத்திருப்பேன்.

குமரேசனுக்குப் போன உயிர் வந்தது. வெளியூர் போகாத நாட்களின் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே பேசி முடித்தார். அதோடு விடவில்லை. ஒவ்வொரு வருடமும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாதம் இரண்டு கோஷ்டி கொண்டுவருவேன், எல்லாம் உங்கள் கடைக்குத்தான் என்றார். முத்துலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். கட்டடக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகவும், ஏப்ரலில் வருகிற திங்ஜான் புத்தாண்டுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடத்தை வீடியோ கடைக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறாராம். தினம் மதியம் சாப்பிட வருகிற மூட்டை தூக்கிகளை வைத்து அந்த வாடகை கொடுக்க முடியாது. இப்படி ஒரு வரவு இருந்தால் முடியும். இதை அவள் குமரேசனிடம் சொல்லவில்லை. கை கழுவப் பின்னால் போன என்னிடம், இன்னொரு கடைக்காரி என்று தெரிந்ததும் சொன்னாள்.

டிசம்பர் 11, வியாழன். காலையில் ஷ்வேடகோன் பகோடா. தங்கத்தைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். வெறுங்காலோடு பளிங்கில் மூன்று மணி நேரம் நடந்தால் பசி எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். பன்னிரண்டு பத்துக்குக் கடைக்கு வந்து சேர்ந்தோம். முந்தைய நாள் காலியாகக் கிடந்த இடம் நிரம்பி வழிந்தது. அலோன் ஆற்றங்கரைக் கிடங்குகளிலிருந்து லாரியில் மூட்டை ஏற்றிவந்து மிங்கலா சந்தையில் இறக்குகிறவர்கள். பர்மாக்காரர்கள், நம்மவர்கள், கலப்பு, எல்லாம். அவர்களுக்குச் சோற்று நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. அதைவிட்டால் லாரி கிளம்பிவிடும். முத்துலட்சுமி எங்களைப் பார்த்து, இடம் இருக்கிற இடத்தில் நெருக்கி உட்காருங்கள் என்றாள். அந்தக் கடையில் மேசைக்கு உரிமைக்காரர் கிடையாது.

எங்களில் ஒருவர் வைத்தியலிங்கம் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரும் அவர் மனைவி கமலாவும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எதிரே நான்கு மூட்டைக்காரர்கள். தலையில் துண்டு, தோளெல்லாம் மாவு. நடுவில் இருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும், இலையில் சோறு தீர்ந்திருந்தது. அவன் உதட்டைக் குவித்து, முத்தம் கொடுக்கிறமாதிரி இரண்டு முறை சத்தம் செய்தான். கமலா அப்போது தலை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். சார் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் பேசியதை முழுதும் எழுத எனக்கு இஷ்டமில்லை. குடும்பப் பெண்களைப் பார்த்துச் செய்கிற வேலையா என்று ஆரம்பித்து, கூலிப் பயல்கள், சோற்றுக்கு வழியில்லாதவர்கள் என்று போய், நம் ஊராக இருந்தால் தோலை உரித்திருப்பேன் என்று முடித்தார். எல்லாம் தமிழில். அவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். எங்கள் கோஷ்டியில் நாலைந்து பேர் எழுந்து நின்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் முறைத்தேன்.

அதற்குள் கோ தான் சோற்று வாளியோடு வந்து, அந்த மனிதனின் இலையில் சோறு போட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனார். அங்கே ஒருவர் அதே சத்தம் செய்தார். அதற்கடுத்த மேசையிலும் செய்தார்கள். கோ தான் திரும்பித் திரும்பிப் போனார். அந்த ஊரில் தேநீர்க் கடையிலும் சோற்றுக் கடையிலும் பரிமாறுகிறவரைக் கூப்பிடும் முறையே அதுதான். நாம் விரலைச் சொடுக்குகிறோம், 'ஏம்ப்பா' என்கிறோம், அவர்கள் உதட்டைக் குவிக்கிறார்கள். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தால் எங்களுக்கே புரிந்திருக்கும்.

அந்த மனிதன் எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி சாரைப் பார்த்துத் தமிழில் பேசினான். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தான்.

"ஐயா, நாங்க சோறு கேட்டோம். பொம்பளைங்கள ஒண்ணும் கேக்கல. நீங்க சொன்னது பூரா எனக்கு வெளங்குச்சு."

பெயர் மாரி. அலோனில் வீடு. வீட்டில் பர்மியம்தான் பேச்சு, ஆனால் தமிழ் காதில் விழுந்தால் முழுதும் புரியும். கமலா கையெடுத்துக் கும்பிட்டார். சார் உட்கார்ந்தார், சாப்பிட்டார், மோர் கூட வாங்கிக்கொண்டார். மன்னிப்பு மட்டும் வாயிலிருந்து வரவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை முட்டிபோட வைத்தவருக்குத் தான் முட்டிபோடுவது பழக்கமில்லை.

தப்பு எங்களுடையது. ஆனால் பரிகாரத்தை அவர்கள் செய்ய வேண்டும் என்று அன்று சாயங்காலம் ஓட்டல் கூடத்தில் முடிவானது. இத்தனை பேரோடு இடித்துக்கொண்டு உட்கார முடியாது, வியர்வை நாற்றம், மீன் விழுது நாற்றம், பெண்களுக்குச் சங்கடம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குமரேசன் ஒரு வழி கண்டுபிடித்தார். கோஷ்டி வருகிற நாட்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடையை மற்றவர்களுக்குச் சாத்திவிட வேண்டும். அப்படியென்றால் மாதம் இரண்டு கோஷ்டி நிச்சயம். இல்லையென்றால் ஒன்றும் இல்லை. நாளை மறுநாள் மதியத்துக்குள் அவள் முடிவு சொல்லட்டும் என்றார். இதைப் பக்குவமாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்றதும் மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தமுறை நான் கரண்டி ஜோக் சொல்லவில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

டிசம்பர் 12, வெள்ளி. காலை ஆறரைக்கே கிளம்பிக் கியாக்தான் போனோம். வேனில் ஒன்றரை மணி நேரம். ஆற்றின் நடுவே தீவில் ஒரு பகோடா, படகில் ஏறித்தான் போக வேண்டும். படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் ஆளுயரக் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கின்றன. சைவக்காரர்கள் ஆசை ஆசையாகப் போட்டார்கள். மதியம் அந்த ஊர்க் கடைத்தெருவில் வாழைப்பழமும் ரொட்டியும்.

திரும்பி வந்து ஐந்து மணிக்கு நான் மட்டும் ஒரு டாக்சியில் கடைக்குப் போனேன். ஆயிரம் சாட். அந்தப் பகுதியில் அன்றைக்கு மின்சாரம் இல்லை, தெருவில் ஆளாளுக்கு ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார்கள். முத்துலட்சுமி மறுநாளைக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். குமரேசன் சொன்னதைச் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

பிறகு என் சொந்தக் கதையை எடுத்துவிட்டேன், ஒரு மெஸ்காரி இன்னொரு மெஸ்காரிக்குச் சொல்கிற புத்தி என்று நினைத்துக்கொண்டு. பாலக்கரையில் என் மெஸ்ஸுக்குக் காந்தி மார்க்கெட் சுமைதூக்கிகள்தான் முதலில் வந்தவர்கள். கடை திறந்த அன்று முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகம் வந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் மாதச் சாப்பாட்டுக்குச் சேருகிறோம், ஆனால் அந்த நேரத்தில் சட்டை போடாத ஆட்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றார்கள். ஆகட்டும் என்றேன். சுமைதூக்கிகளைப் பின்சந்து வழியாக வந்து பொட்டலம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சண்டை ஒன்றும் இல்லை. அவர்களாகவே நின்றுவிட்டார்கள். நான் மாடி எடுத்தேன், ஃபேன் போட்டேன். "ரெண்டு மணி நேரந்தான முத்துலட்சுமி. கண்ண மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லு" என்றேன்.

அவள் முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். "நின்னுட்டாங்கன்னா?"

"வரதில்ல. அவ்வளவுதான்."

"அவங்க இப்ப எங்க சாப்புடுறாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு கடைக்காரிக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். காந்தி மார்க்கெட்டுக்கு வாரம் மூன்று நாள் காய்கறிக்குப் போகிறவள் நான். என் சாக்குகளை ஏற்றிவிடுகிறவர்களும் அவர்கள்தான். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைக் கேட்கவில்லை. தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முருங்கைக்காயை எடுத்துக்கொண்டாள். மாரி கூட்டம் பன்னிரண்டு மணிக்கு இங்கே சாப்பிடாவிட்டால் சாயங்காலம் ஆறு வரை வெறும் வயிறுதான், அது தனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு எப்படிக் கதவைச் சாத்துவது என்று மட்டும் சொன்னாள். கோ தான் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி எங்கள் நடுவில் வைத்தார். நான் காயை நறுக்கி முடித்துவிட்டு எழுந்து வந்தேன். குமரேசனிடம், நாளைக்கு அவளே சொல்வாள் என்றேன்.

டிசம்பர் 13, சனி. ரங்கூனில் எங்கள் கடைசி முழுநாள். காலையில் எல்லோரும் சந்தைக்குப் போய்க் கல் வாங்கினார்கள். எது மாணிக்கம் எது கண்ணாடி என்று எனக்குத் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைக்குப் போனோம். மடக்குக் கதவு இரண்டு பக்கமும் முழுதாகத் திறந்திருந்தது. நான்கு மேசையிலும் இலை போட்ட தட்டுகள். தெருமுனையில் லாரி வந்து நிற்பதும், மாரியின் ஆட்கள் குதித்து இறங்குவதும் தெரிந்தது.

குமரேசன் பதறிப்போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். முத்துலட்சுமி கல்லாப்பெட்டிப் பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கை மட்டும் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது.

"ஐயா, ஒங்க இருபத்திரண்டு பேருக்கும் பொங்கி வெச்சிருக்கேன். எடம் பாத்து உக்காருங்க. அவங்களும் உக்காருவாங்க. இந்தக் கதவு பன்னெண்டு மணிக்குச் சாத்துறதில்ல. புடிக்கலேன்னா நீங்க வேற எடத்துல சாப்புடுங்க. யபாடே."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் வந்தது அவள்மேல்தான், ஒளிக்க மாட்டேன். தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தட்டிவிடுகிறாளே, ஏப்ரலில் தெருவில் நிற்பாளே என்று வந்த கோபம். அப்புறம்தான் எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. அவள் செய்ததை நான் செய்யவில்லை, அதனால்தான் இந்த எரிச்சல். குமரேசன் கோஷ்டியைத் திருப்பினார். வைத்தியலிங்கம் சார் முன்னால் நடந்தார். ரயில்வே மேம்பாலத்தைப் பார்த்து எல்லோரும் வரிசையாகப் போனார்கள், ஓட்டலில் வாட்டிய ரொட்டியும் முட்டையும் தின்பதற்கு. வாங்க அக்கா என்று குமரேசன் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பசிக்கிறது, நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அப்படிச் செய்தால் டூரின் கட்டுப்பாடு என்னாவது என்றார். கட்டுப்பாட்டை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளச் சொன்னேன்.

லால்குடியிலிருந்து வந்த இரண்டு சகோதரிகளும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையின் தலையும் தெரியாது வாலும் தெரியாது, புளிச்சக்கீரைக்காக உட்கார்ந்தார்கள். நான் சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கமலா வந்து நின்றார். பாலத்தின் பாதியிலிருந்து தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. சார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவார். என்னைப் பாத்துச் சத்தம் போட்டான்னு இவரே முடிவு பண்ணினார். நான் எங்க சாப்பிடணும்னும் இவரே முடிவு பண்ணினா எப்படி?" என்றார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுவாம்.

மாரி நகர்ந்து அவருக்கு இடம் விட்டான். கோ தான் அவருக்குச் சோறு போட்டார். பிறகு கமலா, வழக்கமாக நாம் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார், உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர் என்று. துறைமுக வேலைக்குப் பாட்டனுக்குப் பாட்டன் வந்தாராம், எங்கிருந்து என்று அப்பாவுக்கே தெரியாதாம். எப்படியாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளலாமே என்றார் கமலா. மாரி சிரித்தான். "எதுக்கும்மா? நம்ம ஊரு அலோன்" என்றான்.

பதினெட்டுப் பேர் சோறு மீந்தது. கோ தான் வாசலில் நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டார். ஸ்டேஷன் போர்ட்டர்கள் வந்தார்கள், ரிக்‌ஷாக்காரர்கள் வந்தார்கள். ஒன்றரை மணிக்குப் பாத்திரம் காலி. கமலா இரண்டாம் முறை ரசம் வேண்டுமென்று உதட்டைக் குவித்துப் பார்த்தார், சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அந்த மேசையே சிரித்தது. கோ தான் அப்படியும் ரசத்தோடு வந்தார்.

கிளம்பும்போது முத்துலட்சுமியிடம் கேட்டேன், ஏப்ரலுக்கு அப்புறம் என்ன செய்வாய் என்று.

"எடம் போச்சுன்னா ரோட்டுல மேசை போடுவேன். அங்க தூக்கச் சொன்னா அடுத்த ரோட்டுல போடுவேன். அரிசி பருப்பு எனக்குத் தெரியும். ஆளும் தெரியும்." அவள் கண் கலங்கித்தான் இருந்தது. தைரியசாலிகள் அழ மாட்டார்கள் என்று யாரோ தப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், புத்தி சொல்ல எனக்கு எதுவும் மிச்சமில்லை. மறுநாள் காலை விமானம் ஏறினோம். கொல்கத்தா வரை சார் கமலாவோடு பேசவில்லை. கமலா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திருச்சிக்கு வந்த வாரமே அலுவலகக்காரர்களைக் கூப்பிட்டு, இனிமேல் யார் வந்தாலும் முன்வாசல்தான், கலந்துதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். என் மகன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறான். பர்மாவில் ஏதோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று மருமகள் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும்.

அலுவலகக்காரர்களிடம் சொன்ன மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன், காய் வாங்க அல்ல. வெங்காய மண்டிக்குப் பின்னால், லாரி நிழலில், மூட்டைகள்மேல் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தள்ளுவண்டி அம்மா கலந்த சோறு விற்கிறார். பிளேட் எட்டு ரூபாய். என் கடையின் முதல் பந்தியில் உட்கார்ந்த சின்னத்துரை என்னைப் பார்த்தும் பார்க்காததுமாகச் சாப்பிட்டார். முன்வாசல் வழியாக வாருங்கள், பழையபடி உட்கார்ந்து சாப்பிடலாம் என்றேன். அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"எங்களுக்கு இப்ப இந்தக் கட இருக்குக்கா" என்றார்.

அந்த அம்மா வெயிலில் நின்று இரண்டு வருடமாக இவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார். நான் மாடி எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் மறுபடியும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். இப்போது இருபது நாளாயிற்று. ஒருவரும் என் மெஸ்ஸுக்கு வரவில்லை. வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. நேற்று நான் அந்த வண்டியில் ஒரு பிளேட் எலுமிச்சைச் சோறு வாங்கினேன். சின்னத்துரை தன் மூட்டையில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல். நான் ஒன்றும் சொல்லவில்லை.